கம்பத்தில் எழுதியிருந்த எண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தீர்மானத்திலிருந்து கிடைத்தது. அக்டோபர் முதல் ஞாயிறு எங்கள் ஊர் சவேரியார் திருவிழாக் கமிட்டி கூடி, "நம் ஊர்ப் பெண்களின் மானத்தைக் குலைக்க அந்நிய நாடு செய்த சதியை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. அந்நிய நாடு என்றால் சீனா. பெண்கள் என்றால் நான்.

ஒரு ஆளுக்கு எதற்குப் பன்மை என்று யாரும் கேட்கவில்லை. அன்று இரவே எழுத ஆரம்பித்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துத்தான் கை வந்தது.

எழுதுவது பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டில். காலாண்டுத் தேர்வோடு நின்றுபோன நோட்டு. மீதிப் பக்கங்கள் வெள்ளையாக இருக்கின்றன. ஐந்து பாடத்துக்கு இப்படி ஐந்து நோட்டு என்னிடம் உண்டு. யாரும் படித்ததில்லை. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஒன்று எனக்குத் துணிச்சல் வந்திருக்கிறது, அல்லது அம்மா அரிசி மூட்டைக்குப் பின்னால் பெருக்கியிருக்கிறாள்.

2

தொடக்கங்கள். அடித்தவற்றை அடித்தபடியே விடுகிறேன்.

"திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வினோலியா என்றொரு பெண் இருந்தாள். அவள் அதிகம் பேச மாட்டாள், ஆனால்"

வேண்டாம். வினோலியா என்ற பெயர் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் அந்தப் பழியை அவள் தலையில் வைக்க மனம் வரவில்லை. என் பெயர் ஏஞ்சலின்.

"உலக நாடுகளுக்கிடையே நிலவும் வர்த்தகப் பதற்றம் தொலைத்தொடர்புத் துறையையும் இணையப் பாதுகாப்பையும் பெரிதும் பாதித்துள்ள இந்நிலையில்"

இது பேப்பரைப் பார்த்து எழுதியது. எழுதி முடித்ததும் யாரோ என் வாயைக் கையால் பொத்தியதுபோல இருந்தது. இந்த வாக்கியத்தில் ஒரு ஆள்கூட இல்லை. பதற்றம் நிலவுகிறதாம், துறை பாதிக்கப்பட்டதாம். குழாயடியில் நின்றது யார்?

"அந்தக் கம்பத்தில் ஒரு பூட்டுத் தொங்கியது."

திண்டுக்கல்காரி கதை எழுதினால் பூட்டு வந்தே தீர வேண்டுமா என்று இதையும் அடித்தேன். பிறகு யோசித்தால், அந்தக் கம்பத்தில் உண்மையிலேயே பூட்டு இருக்கிறது. நான் என்ன செய்ய? அங்கிருந்தே தொடங்குகிறேன்.

3

எங்கள் ஊர் குழாயடிக்கு எதிரில் ஒரு இரும்புக் கம்பம். உச்சியில் கேமரா. கீழே, கேமரா பிடிப்பதைச் சேர்த்து வைக்கும் கருவி இருக்கிற தகரப் பெட்டி. பெட்டிக்குக் கால் கிலோ எடையில் ஒரு பூட்டு. சாவி இரண்டு, ஒன்று கமிட்டித் தலைவர் சிலுவைமுத்துவிடம், இன்னொன்று கோயிலில்.

பெட்டிக்கு மேல் நீல நிறத்தில் எழுதியிருக்கும்:

உபயம்: அ. சிலுவைமுத்து, நெல் வியாபாரம், செல்: (பத்து இலக்கம், இங்கே எழுத மாட்டேன். அந்தத் தவறு ஒருமுறை நடந்தது போதும்.)

எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் எழுதுவார்கள். கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சம் பெயருக்கே போய்விடும். மின்விசிறி சுற்றும்போது பெயர் தெரியாதே என்று வருத்தப்பட்டு, விசிறியை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுத்தவர்கள் உண்டு. ஆகவே போன டிசம்பர் திருவிழாவுக்குச் சிலுவைமுத்து கேமரா கொடுத்தபோது பெயரும் நம்பரும் எழுதியது தவறில்லை.

தவறு அடுத்தது. கேமராவை மாட்டிய பாரூக் பாய், "பாஸ்வேர்டு என்ன வைக்கண்ணே?" என்று கேட்டிருக்கிறார். சிலுவைமுத்து, "என் நம்பரையே வையி. ஆருக்கும் மறக்காது. மறந்தாலும் கம்பத்தில எழுதியிருக்குல்ல" என்றிருக்கிறார்.

(பெட்டிக்குக் கால் கிலோ பூட்டு. பாஸ்வேர்டு அதே கம்பத்தில், ஒரு முழம் மேலே, நீலப் பெயிண்டில். இதை நான் கற்பனை செய்ததாக நீங்கள் நினைத்தால் அது எனக்குப் பெருமை. எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.)

4

பாரூக் பாய் டவுனில் கேபிளும் நெட்டும் கொடுப்பவர். இப்போது அவர் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். 'நெட் வரலை' என்று வரும் போன்களை எடுத்துப் புகார் நோட்டில் எழுதுவது வேலை. எனக்குப் பேச வராது. ஆனால் போனில் முகம் கிடையாது, சமாளித்துவிடுவேன். இந்தக் கடைக்கு என் அப்பா சூசை சம்மதித்ததற்குக் காரணம், எதிர்ச் சாரியில் அவருடைய வாழைப்பழத் தள்ளுவண்டி நிற்கிறது. சிறுமலைப் பழத்தை அடுக்கிக்கொண்டே தலையை நிமிர்த்தினால் நான் தெரிவேன்.

கடையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்றால்:

"ஏம்மா, யாரு லைன்ல?"

"கன்னிவாடி டெய்லர், பாய். பொட்டில செவப்பு லைட் எரியுதாம். பத்து நாளா."

"பொட்டி ஸ்டாக் இல்லன்னு சொல்லு."

"நேத்தும் அதத்தான் சொன்னேன்."

"இன்னைக்கும் அதையே சொல்லு. உண்மை என்ன தெனம் சட்டை மாத்துமா?"

பெட்டி ஏன் இல்லை என்பதைப் போன் எடுத்து எடுத்தே தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வீடு மாட்டும் நெட் பெட்டி, தெருக் கேமரா, அதற்குள் இருக்கும் சில்லு எல்லாம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தவை. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் வரிச் சண்டை. சீனாக்காரர்கள் வேவு பார்ப்பார்கள் என்று பல நாடுகளுக்குப் பயம். நம் நாட்டிலும் போன் கம்பெனிகள் நம்பகமானது என்று சொல்லப்பட்ட சாமானைத்தான் வாங்க வேண்டும், கேமரா என்றால் சோதனைச் சான்று வேண்டும் என்று விதிகள் வந்தன. எங்கள் ஊர்க் கேமரா அந்த விதிக்கு முன்னால், மதுரை மொத்தக் கடையில் 'இனிமே வராது' என்று தள்ளிவிட்ட கடைசிச் சரக்கு. விதி வந்த பிறகு அந்தக் கேமராவைச் செய்த கம்பெனி இங்கே கடையைக் கட்டியது. அதன் ஆப் போனில் தேடினால் கிடைப்பதில்லை; ஆளுக்கு ஆள் போனிலிருந்து போனுக்கு அனுப்பிக்கொள்கிறார்கள். ஓட்டை அடைக்கும் அப்டேட் வருவது நின்றுவிட்டது. சான்று வாங்கிய புதுக் கேமரா மூன்று மடங்கு விலை. அதற்கும் ஸ்டாக் இல்லை.

விதி தவறு என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு வேண்டியதுதான். பாதுகாப்பு என்று சொல்லும்போது அவர்கள் மனதில் என்னைப்போல ஒருத்தி ஒரு நொடியாவது வந்தாளா என்பதுதான் என் கேள்வி.

பாரூக் பாய் ஒருநாள் போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்க ஒருத்தன் வரி போடுறான். இங்க ஒருத்தன் தடை போடுறான். சீனாக்காரன் சில்லு தரமாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். மூணு பேரு சண்டைக்கும் சேத்து கன்னிவாடி டெய்லர் என்னைய வையிறாரு."

நானும் சிரித்தேன். என்னையும் அந்தச் சண்டைக்குள் இழுத்திருக்கிறார்கள் என்பது அந்த நேரம் மறந்துபோயிருந்தது.

5

சம்பவம். இதைச் சுருக்கமாக எழுதப்போகிறேன். நீட்டி எழுத ஊர் இருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, ஐந்து ஐம்பத்திரண்டு. குழாயடியில் நான், குடம், பக்கத்தில் பிரபு. என் வகுப்புத் தோழி கௌசல்யாவின் அண்ணன். பூந்தோட்டத்துக்கு மருந்தடிக்கத் தண்ணீர் பிடிக்க வந்தவன். குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்தான். குடத்தின் சில்வர் மூடி நழுவி அவன் கால் பெருவிரலில் விழுந்தது. அவன் ஒற்றைக் காலில் குதித்தான். நான் சிரித்தேன்.

பதினான்கு நொடி. கேமரா பிடித்தது. யாரோ எடுத்து, மூடி விழுந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது: அவன் குடத்தைத் தூக்கி வைக்கிறான், நான் சிரிக்கிறேன். அதற்கு ஒரு காதல் பாட்டைச் சேர்த்து விட்டார்கள். மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் எங்கள் ஊர், பக்கத்து ஊர், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் வரை போய்விட்டது.

(பிரபு என்ற பாத்திரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்களும் இந்நேரம் அவனுக்கும் எனக்கும் நடுவில் ஏதாவது இருக்குமா என்று தேடியிருப்பீர்கள். தேடினீர்கள்தானே? அந்த வீடியோவை அனுப்பியவர்களும் அதைத்தான் தேடினார்கள். ஒன்றும் இல்லை. மூடி விழுந்தது, அவ்வளவுதான். அவன் அடுத்த நாளும் காலேஜுக்குப் போனான். கால் வலி என்று ஒருநாள்கூட லீவு போடவில்லை.)

அப்பா என் பள்ளிக்கூடப் பையை எடுத்துப் பரணில் வைத்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "ஊரு வாய் அடங்கட்டும்" என்றார். ஊர் வாய் எந்த ஊரில் அடங்கியிருக்கிறது?

6

கூட்டம். கோயில் ஷெட்டில் ஆண்கள் நாற்காலியில், பெண்கள் தூணுக்குப் பின்னால். நான் வீட்டில் இருந்தேன். அம்மா போய்வந்து சொன்னதை எழுதுகிறேன். அம்மா பெயர் வியாகுலம்மாள். வார்த்தை மாற்றிச் சொல்லத் தெரியாதவள்.

சிலுவைமுத்து பேப்பரை மடித்துக் கையில் வைத்திருந்தாராம். "பேப்பர்லயே போட்டிருக்கான். சீனாக் கேமராவ அவன் ஊர்ல உக்காந்தே பாக்குறானாம். இது அவன் வேலைதேன்."

"நம்ம குழாயடியப் பாத்து அவனுக்கு என்ன மாமா ஆகப்போகுது?" என்று பின்னாலிருந்து ஒருவன். "தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க வருதுன்னு வேவு பாக்குறானோ?"

"ஏலே, விளையாட்டுப் பேச்சு பேசாத. நாட்டுப் பாதுகாப்பு."

அப்போதுதான் அம்மா தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "அண்ணே, அந்தப் பாட்டையும் சீனாக்காரந்தேன் போட்டானா? அவனுக்கு நம்ம தமிழ்ப் பாட்டெல்லாம் தெரியுமா?"

முன்வரிசையில் ஒருவர், "பொம்பளைக செத்த நேரம் சும்மா இருங்க" என்றாராம். கமிட்டிச் செயலாளர் ரோஷன் எழுந்து தீர்மானத்தை வாசித்தான். ரோஷன் சிலுவைமுத்துவின் தங்கை மகன். பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவன். குரல் நன்றாக இருக்கும். 'வன்மையாக' என்ற வார்த்தையில் ஒரு அழுத்தம் கொடுத்தானாம். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒரு நாடு எவ்வளவு வசதி பாருங்கள். அது எங்கள் தெருவுக்கு வந்து 'நான் செய்யவில்லை' என்று சொல்லாது. அதன் அம்மா தூணுக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்க மாட்டாள். வேவு பார்ப்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது நிஜமாகவே இருக்கலாம். அந்த நிஜத்தைப் போர்வை மாதிரி இழுத்து, எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் தலையை மூடிக்கொண்டார்கள்.

கடைசியில் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். டிசம்பர் திருவிழாவுக்குக் கம்பத்தில் உபய எழுத்து மங்கியிருப்பதால் புதுப் பெயிண்ட் அடிப்பது. பாஸ்வேர்டை மாற்றுவது பற்றி யாரும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா என்னிடம் சொன்னார்: "சீனாக்காரன்னு கமிட்டி எழுதிருச்சு. எனக்கு மனசு ஒப்பல. எவன்னு ஒரு பேரு தெரியட்டும் ஏஞ்சலு. தெரிஞ்ச அன்னைக்கே உன்னையக் கொண்டுபோயி ஸ்கூல்ல விட்டுட்டு, அவன் வாசல்ல போயி நிக்கிறேன்."

அப்பா சொன்ன சொல் மாறாதவர். இதை இங்கே அடிக்கோடிட்டு வைக்கிறேன், பின்னால் தேவைப்படும். பள்ளிக்கூடத்தில் தலைமைச் சிஸ்டர் சொல்லியனுப்பியது: பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் நவம்பர் முப்பதில் போகிறது. அதற்குள் வந்தால் என் பெயர் இருக்கும்.

7

கடையில் ஆறு வாரத்தில் நானாகக் கேட்டது ஒருமுறைதான். நவம்பர் பத்தாம் தேதி வாக்கில்.

"பாய், எங்க ஊர் கேமராவக் கழட்டிர முடியாதா?"

பாய் என்னைப் பார்க்காமல் ஒயரைப் பார்த்துச் சொன்னார். "கழட்டலாம்மா. உபயம்னு பேரு எழுதியிருக்கே. குடுத்ததக் கழட்டுனா குடுத்த ஆளையே கழட்டுன மாதிரில ஆயிரும்."

"பாஸ்வேர்டையாவது மாத்துங்க."

"மாத்துனா தெறக்கலைன்னு அம்புட்டுப் பேரும் எனக்குல்ல போன் அடிப்பாங்க."

"அம்புட்டுப் பேருன்னா எத்தனை பேரு பாய்?"

அவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை. மழையில் எங்கள் ஊர்க் கேமரா நின்றுபோய், அதைச் சரிசெய்யப் பாய் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தார். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே போட்டுவிட்டுப் போனார். மறந்து போனாரா, வேண்டுமென்றே விட்டுப்போனாரா என்று எனக்குத் தெரியாது. (இந்தப் பாத்திரத்தின் மனசாட்சியை நான் முடிவு செய்யப்போவதில்லை. மனசாட்சி இருப்பவர் அதை வாயால் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.)

திரையில் ஒரு பட்டியல். ஜூன் முதல் யார் யார் போனிலிருந்து எப்போது பார்த்தார்கள் என்று வரிசையாக. சீனாவிலிருந்து ஒரு வரியும் இல்லை. பதினோரு போன். போன் விற்கும்போதே கடைக்காரர்கள் வாங்குபவர் பெயரை அதில் போட்டுத் தருவார்கள். அதனால் ஒன்பதில் பெயரே இருந்தது. மீதி இரண்டில் நெட் இணைப்பு எண் மட்டும். என் புகார் நோட்டைத் திறந்தேன். எந்த எண் யார் வீடு என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

பெரும்பாலும் காலை ஐந்தரையிலிருந்து ஆறு. பெண்கள் தண்ணீர் பிடிக்கும் நேரம். கோயில் பாடகர் குழுவில் ஒருவர், மாதா சுரூபம் தூக்குபவர்களில் இரண்டு பேர், அம்மாவை வாயை மூடச் சொன்னவர். பதினான்கு நொடி நடந்த அன்று, ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மூன்று போன்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றில் மட்டும், ஆறு ஐந்துக்கு, 'பதிவிறக்கம்' என்று இருந்தது. ரோஷன் போன்.

வன்மையாகக் கண்டித்த அதே ரோஷன்.

அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா கேட்ட பெயர் இதோ. பை பரணிலிருந்து இறங்கப்போகிறது. பத்து வரி எழுதிப் பதினோராவதற்கு வந்தேன்.

'சூசை அப்பா.'

அந்தப் பெயரை அந்தப் போனில் போட்டது நான். புதிதாக வாங்கி வந்தபோது, "ஏதோ பேரு கேக்குது, என்னமோ போடு" என்று என்னிடம் நீட்டினார். போட்டுக் கொடுத்தேன்.

அவர் காலையில் ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லாம் சாயங்காலம். நாலு நாற்பது. நாலு நாற்பது. நாலு நாற்பத்திரண்டு. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கி நான் அந்தக் கம்பத்தைக் கடக்கும் நேரம். ஜூனிலிருந்து நான் பள்ளி போன கடைசி நாள் வரை, ஞாயிறும் லீவும் தவிர, ஒருநாள் விடாமல். அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. எதற்கு இருக்கும்? ஆள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறாளே.

எட்டிப் பார்த்தேன். அப்பா எதிர்ச் சாரியில் ஒரு பாட்டிக்குப் பழம் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: பத்துப் பெயரை மட்டும் காட்டுகிறேன். அப்பா ரோஷன் வாசலில் போய் நிற்கிறார். நான் பள்ளிக்கூடம் போகிறேன். நல்ல முடிவு, எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ரோஷன் வாய் சும்மா இருக்குமா? "உங்க போன் அதுல இல்லையா மாமா?" என்று வாசலில் வைத்துக் கேட்டால்? அப்புறம் இன்னொன்று. மறைத்து எழுதியதும் கமிட்டித் தீர்மானம் மாதிரிதானே? அதிலும் ஒரு சீனா இருக்கும்.

இரண்டாம் முடிவு: பதினொன்றையும் காட்டுகிறேன். அப்பா வாசித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நிற்கிறார். அதற்குப் பிறகு அவர் எந்த வாசலில் போய் நிற்பார்? (இந்த இடத்தில் அவர் அழுவதாக ஒரு பத்தி எழுதினேன். அழகாக வந்தது. கிழித்துவிட்டேன். அவர் அழுதால் உடனே நான் மன்னித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.)

மூன்றாம் முடிவு: பெயிண்டர் வைத்துவிட்டுப் போன நீலப் பெயிண்ட் கம்பத்தடியில் கால் டப்பா இருக்கிறது. ஞாயிறு பூசை நேரத்தில் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். உபயத்துக்குக் கீழே பதினோரு பெயரையும் அதே எழுத்தில் எழுதிவிட்டு நான் தூரிகையோடு

வேண்டாம். இது சினிமா. என்னால் தெருவில் தனியாக ஐந்து நிமிடம் நிற்க முடியாது. அதுவும் அந்தக் கேமராவுக்குக் கீழே.

சூசை என்ற பாத்திரத்தை எனக்குப் புரியவில்லை என்பதுதான் பிரச்சினை. பாசம் என்று எழுதிப் பார்த்தேன், சந்தேகம் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் நேரம் நாலு நாற்பதுதான். ஒன்று மட்டும் உறுதி. அந்த ஆப்பைத் திறந்து சிலுவைமுத்துவின் நம்பரை அழுத்தும்போதெல்லாம், இது யாருக்கும் திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தனக்குத் திறந்தது போதும் என்று இருந்துவிட்டார். ஊரில் பத்துப் பேர் கெட்ட எண்ணத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நல்ல எண்ணத்தில் மூடிக்கொண்டிருந்தார். குழாயடியில் நின்றவளுக்கு என்ன வித்தியாசம்?

9

இது முடிவு இல்லை. நடந்தது. இன்று காலை, நவம்பர் இருபத்தெட்டு.

அப்பா டிவிஎஸ்ஸைக் கிளப்பிவிட்டார். பின்னால் பழத்தார், நடுவில் நான் உட்கார வேண்டும். அறிவியல் நோட்டு என் கையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பத்துப் பெயர் மையில். பதினோராவது பென்சிலில். நோட்டுக்குள் ஒரு ரப்பரும் வைத்திருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அப்பா, பேரு தெரிஞ்சிருச்சு" என்றேன்.

அவர் வண்டியை அணைத்தார். திரும்பவில்லை. ஒரு பழம் தாரிலிருந்து நழுவி விழுந்தது, அதையும் எடுக்கவில்லை. யாரு என்று கேட்பார் என்று நினைத்தேன். ரோஷன் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது.

அவர் கேட்டது வேறு.

"எத்தனை பேரு?"

அம்மா வாசலில் ஈரக் கையோடு நிற்கிறாள். நாளைக் கழித்தால் பட்டியல் போய்விடும். இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள், நீங்களும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். பன்னிரண்டாவது ஆள் மாதிரி சும்மா பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அப்பா இன்னும் திரும்பவில்லை. சொல்லுங்கள், நான் என்ன சொல்ல?

பத்தா, பதினொன்றா?